தெரிந்தவரும் அருகில் நிற்பவரும்: துறைமுகப் பாதுகாப்பில் கூட்டு வேலை

சென்னைத் துறைமுகத்தில் ஒரு சரக்குப் பெட்டகம் கப்பலிலிருந்து இறங்கி ஜீரோ கேட் வழியாக வெளியே போவதற்குள் எத்தனை பேர் கைக்கு மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். கப்பலை உள்ளே கொண்டுவருபவர் துறைமுகத்தின் பைலட். நிலமும் நீரும் துறைமுக ஆணையத்துடையவை. பெட்டகத்தை இறக்கும் கிரேன் தனியார் முனையத்துடையது. பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை சுங்கத் துறைக்கு. வாசலில் துப்பாக்கியோடு நிற்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. மாலுமிகளின் பாஸ்போர்ட்டைப் பார்ப்பது குடியேற்றத் துறை. நோய் என்றால் துறைமுகச் சுகாதார அதிகாரி, கடலில் எண்ணெய் கொட்டினால் கடலோரக் காவல்படை. இவர்களுக்கு நடுவே கப்பல் ஏஜென்ட், கஸ்டம்ஸ் ஏஜென்ட், டிரெய்லர் ஓட்டுநர், லேஷிங் தொழிலாளி. இத்தனை பேரில் ஒருவர் சொன்னால் மற்ற எல்லோரும் கேட்டாக வேண்டும் என்ற நிலையில் யாரும் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் விபத்தைத் தடுப்பதும் கடத்தலைத் தடுப்பதும் தனியொரு துறையால் ஆகிற காரியம் இல்லை. அதனால் துறைமுக மாநாடு எங்கே நடந்தாலும் 'கூட்டுச் செயல்பாடு' என்று ஓர் அமர்வு இருக்கும்; ஒப்பந்தம் கையெழுத்தாகும்; சால்வை போர்த்துவார்கள். அந்தக் கூட்டு எப்போது உண்மையிலேயே ஆளைக் காப்பாற்றியது, எப்போது கோப்புக்குள் தூங்கியது என்று யாரும் கேட்பதில்லை. கடந்த எண்பது ஆண்டுகளின் பெரிய துறைமுக விபத்துகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒரே குறை திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. ஆபத்து என்னவென்று தெரிந்தவர் ஒருவராகவும், ஆபத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் இன்னொருவராகவும் இருக்கிறார்கள். இந்த இருவருக்கும் நடுவே செய்தி நேரத்துக்குப் போய்ச்சேர வழி செய்த ஏற்பாடுகள் பயன்பட்டன. மற்றவை கையெழுத்தோடு நின்றன.

கடிதம் எழுதியவர்கள்

பெய்ரூட்டைவிட இதற்குக் கொடிய சாட்சி கிடையாது. 2013 நவம்பரில் மால்டோவா நாட்டுக் கொடி கட்டிய ரோசஸ் என்ற பழைய கப்பல் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டோடு அங்கே வந்தது. ஜார்ஜியாவின் பட்டூமியில் ஏற்றி, மொசாம்பிக்கின் பெய்ராவுக்குப் போக வேண்டிய சரக்கு. துறைமுக ஆய்வாளர்கள் கப்பலைச் சோதித்து, குறைகள் இருப்பதாகச் சொல்லித் தடுத்து நிறுத்தினார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. உரிமையாளர் கப்பலைக் கைகழுவிவிட, 2014-ல் சரக்கு கரையிறங்கி 12-ஆம் எண் கிடங்குக்குப் போனது. கப்பலைச் சோதிக்கும் ஏற்பாடு சரியாக வேலை செய்ததன் விளைவாக ஆபத்து கடலிலிருந்து ஊருக்குள் இடம் மாறியது!

அதன்பின் ஆறு ஆண்டுகள் கடிதங்கள்தான். சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குப் பலமுறை எழுதினார்கள். ராணுவத்துக்குத் தெரியும், அரசுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரியும், 2020 ஜூலையில் அதிபருக்கும் பிரதமருக்குமே அறிக்கை போனது. ஆகஸ்ட் 4 மாலை கிடங்கில் தீப்பிடித்தபோது அழைக்கப்பட்ட தீயணைப்புக் குழுவுக்கு மட்டும் தெரியாது. பூட்டிக் கிடந்த கிடங்குக் கதவைத் திறக்க மூன்று பேர் போராடும் படம் ஒன்று எஞ்சியிருக்கிறது. போன பத்துப் பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் முதலுதவி செய்ய வந்த இளம் பெண். நகரில் இறந்தவர்கள் 200-க்கும் மேல், காயம்பட்டவர்கள் ஏறக்குறைய 7,000 பேர்.

பெய்ரூட்டில் துறைகளுக்கிடையே தொடர்பே இல்லை என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தொடர்பு இருந்தது, கோப்பு எண்ணும் இருந்தது. ஒவ்வொரு துறையும் அடுத்த துறைக்கு எழுதித் தன் தலையிலிருந்த பாரத்தை இறக்கிவைத்தது. கூட்டு என்ற பெயரில் நடக்கும் பெரிய ஏமாற்று இதுதான். எல்லோருக்கும் 'தெரிவிக்கப்பட்டது', சரக்கை எடுத்து அப்புறப்படுத்தும் வேலை யாருடையதும் இல்லை.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் நடந்ததும் இதே ரகம். ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலில் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளும், கூடவே பஞ்சுப் பொதிகளும் தங்கக் கட்டிகளும் இருந்தன. வெடிபொருள் ஏற்றிய கப்பல் கட்ட வேண்டிய சிவப்புக் கொடி கட்டப்படவில்லை. பகலில் புகை கண்ட பிறகு, மாலை 4.06-க்கு முதல் வெடிப்பு நிகழும்வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கையில் இருந்தது. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துப்போவதா, தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பதா என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முடிவெடுத்துக் கட்டளையிடும் ஒரே அதிகாரம் எவரிடமும் இல்லை. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தொடங்கி நாடெங்கும் தீயணைப்பு வாரம் அனுசரிக்கப்படுகிறதே, அதன் பின்னணி இந்த விபத்துதான்.

பெய்ரூட் வெடித்த அதே வாரத்தில் நம் சென்னையின் மணலி செய்தியில் அடிபட்டது பலருக்கு நினைவிருக்கும். 2015-ல் சுங்கத் துறை பறிமுதல் செய்த 740 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 பெட்டகங்களில், அங்குள்ள ஒரு தனியார் பெட்டகக் கிடங்கில் ஐந்து ஆண்டுகளாகக் கிடந்தது. 2015 வெள்ளத்தில் கொஞ்சம் வீணாகி, மிஞ்சியது 697 டன். சுற்றி 2 கி.மீ. தூரத்துக்குக் குடியிருப்பே இல்லை என்றது சுங்கத் துறை. குடியிருப்புகள் அதைவிடப் பக்கத்திலேயே இருக்கின்றன என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒரே நகரத்தில், ஒரே வாரத்தில், இரண்டு அரசு அலுவலகங்கள்! சில நாட்களில் சரக்கு ஏலம் போய் லாரிகளில் ஹைதராபாத்துக்குக் கிளம்பியது. ஐந்து ஆண்டுகள் நகராத ஒன்று ஒரு வாரத்தில் நகர்ந்தது என்றால், தடையாக இருந்தது சட்டமோ நுட்பமோ அல்ல என்பது தெளிவு. பறிமுதல் செய்யும் துறைக்குச் சரக்கு ஒரு வழக்கின் சான்று. அதை ஆபத்தாகப் பார்க்க வேண்டியவர்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர்களே இல்லை.

ஜெட்டியில் ஒரு காகிதம்

அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் 1947 ஏப்ரல் 16 காலை கிராண்ட்கேம்ப் என்ற பிரெஞ்சுக் கப்பலில் புகை வந்தது. அங்கேயும் அம்மோனியம் நைட்ரேட்தான். மூட்டையின் மேல் உரம் என்று போட்டிருந்தது. ஆரஞ்சு நிறப் புகையை வேடிக்கை பார்க்க ஊரே கரையில் கூடியது. 9.12-க்குக் கப்பல் வெடித்தது. அந்த ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்த 28 பேரில் 27 பேர் அந்தக் கணத்தில் போனார்கள். மொத்தச் சாவு 580-ஐ ஒட்டியது.

அந்த விபத்துக்குப் பிறகு டெக்சாஸ் சிட்டியின் எண்ணெய் ஆலைகளும் ரசாயன ஆலைகளும் துறைமுகமும் சேர்ந்து ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் அமைத்துக்கொண்டன. ஒருவர் இடத்தில் தீ என்றால் மற்றவரின் நுரைக் கருவியும் ஆட்களும் வரும். யார் எதை அனுப்புவார், எந்த வாசலில் வந்து நிற்பார், வந்தவருக்கு யார் உத்தரவு போடுவார் என்பதெல்லாம் முன்பே பேசி முடித்த விஷயங்கள். பக்கத்து ஹூஸ்டன் கால்வாய்த் தொழிற்சாலைகளும் பின்னர் இதே வழியில் போயின. இவை சந்தையில் ஒன்றையொன்று விழுங்கக் காத்திருக்கும் கம்பெனிகள். அடுத்த வேலிக்குள் பிடித்த தீ தன் வேலியைப் பார்த்து நிற்காது என்ற சுயநலம்தான் அவற்றைச் சேர்த்தது. துறைமுகக் கூட்டுகளில் நீடித்து நிற்பவை பெரும்பாலும் இப்படிச் சுயநலத்தில் பிறந்தவையே. நல்லெண்ணத்தில் பிறந்தவை, கையெழுத்திட்ட அதிகாரி மாற்றலாகிப் போனதும் படுத்துவிடுகின்றன.

இருவர் சந்திக்கும் மிகச் சிறிய கூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் எண்ணெய் ஜெட்டிக்குப் போக வேண்டும். டேங்கர் கட்டியதும் முனையத்தின் பொறுப்பாளர் ஒருவர் காகிதக் கட்டோடு கேங்வே ஏறி, கப்பலின் கட்டுப்பாட்டு அறைக்குப் போவார். எதிரே சீஃப் ஆபீசர். நடுவில் கப்பல்-கரைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். எந்த வாக்கி-டாக்கி சானலில் பேசுவது, அது செத்துவிட்டால் வேறு வழி என்ன, எந்த மொழியில் பேசுவது, மணிக்கு எத்தனை டன் வேகம், டெக்கில் எண்ணெய் வழிந்தால் கடலுக்குள் ஓடாதபடி வடிகால்களை அடைத்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். சில கேள்விகளை மட்டும் பம்ப் ஓடும் நேரம் முழுக்கச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இவற்றில் உயிர்நாடியான கேள்வி, அவசரத்தில் யார் முதலில் நிறுத்துவது என்பது. கரையிலிருந்து பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கப்பல்காரர் பதறித் தன் வால்வை மூடினால், பாய்ந்து வரும் எண்ணெய் முட்டி அழுத்தம் ஏறிக் குழாயே கிழியக்கூடும். முதலில் பம்ப் நிற்க வேண்டும், பிறகுதான் வால்வு. இதைச் சரியாகச் செய்ய இருவரின் திறமை மட்டும் போதாது. முன்பே ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும்.

இந்தப் பட்டியல் இடம்பெறும் சர்வதேச வழிகாட்டி நூலைக் கப்பல் உரிமையாளர்களும், எண்ணெய் நிறுவனங்களும், துறைமுகங்களின் சங்கமும் சேர்ந்து வெளியிடுகிறார்கள். முதல் பதிப்பு 1978. அடுத்த ஆண்டே, 1979 ஜனவரி 8 நள்ளிரவு தாண்டி, அயர்லாந்தின் பான்ட்ரி விரிகுடாவில் விட்டி தீவு முனையத்தில் பெத்தல்ஜூஸ் என்ற பிரெஞ்சு டேங்கர் வெடித்தது. 50 பேர் இறந்தார்கள். கப்பலின் உடல் துருப்பிடித்துப் பலவீனமாகிக் கிடந்தது ஒரு காரணம். தீ தொடங்கியபோது கரைக் கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டியவர் அங்கே இல்லை, உதவிக்கு நிற்க வேண்டிய இழுவைப்படகு ஜெட்டியைப் பார்க்க முடியாத இடத்தில் நின்றது என்பன விசாரணை ஆணையம் கண்டவை. ஜெட்டி கரையோடு ஒட்டியதல்ல. கடலுக்குள் தனியாக நின்றது. அதில் மாட்டிக்கொண்டவர்கள் படகு வரும் என்று காத்திருந்தார்கள்.

மொத்தச் சரக்குக் கப்பல்களில் தெரிந்தவருக்கும் அருகில் நிற்பவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி இன்றைக்கும் ஆளைக் கொல்கிறது. நிலக்கரியும் மரத்தடியும் மூடிய அறைக்குள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். கப்பலின் சீஃப் ஆபீசருக்கு இது பாலபாடம். ஒப்பந்தக்காரர் அன்று காலை லாரியில் கொண்டுவந்து இறக்கிய தொழிலாளிக்கு இது தெரிய வழியில்லை. முதல் ஆள் ஏணியில் இறங்கி மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கிய இரண்டாம் ஆளும் விழுவார். இந்தியத் துறைமுகங்களில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இடம்பெறும் பாதுகாப்புக் குழுக்கள் இருக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. நிரந்தரத் தொழிலாளர் தொகை சுருங்கி ஒப்பந்த ஆட்கள் பெருகிய பிறகு, அந்தக் குழுவில் உட்காருபவருக்கும் கப்பலுக்குள் இறங்குபவருக்கும் உறவு விட்டுப்போய்விட்டது.

பால்டிமோரில் சில நிமிடங்கள்

2024 மார்ச் 26 அதிகாலை, பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய டாலி என்ற பெட்டகக் கப்பல் மின்சாரம் இழந்து ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தை நோக்கி மிதந்தது. மாலுமிகளில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். கப்பலை நடத்திய உள்ளூர் பைலட் உடனே நங்கூரத்தை இறக்கச் சொன்னார், இழுவைப்படகைக் கூப்பிட்டார், பைலட் சங்கத்தின் அலுவலகத்துக்குச் செய்தி சொன்னார். அங்கே பணியில் இருந்தவர் பாலத்துக்குப் பொறுப்பான போலீசை அழைத்தார். போலீஸ் இரு முனைகளிலும் வண்டிகளை நிறுத்தியது. கப்பல் பாலத்தில் மோதியது 1.29-க்கு. மின்சாரம் போனதற்கும் மோதியதற்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட இல்லை. பைலட் சங்கம் தனியார் அமைப்பு, பாலத்துப் போலீஸ் மாநில அரசின் ஆட்கள். ஒருவர் இன்னொருவரின் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் பாலத்தில் கார்கள் இருந்திருக்கும்.

பாலத்தின் நடுவில் சாலைப் பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களை எச்சரிக்க வேண்டும், இன்னொரு வண்டி வந்ததும் நான் மேலே போகிறேன் என்று ஒரு போலீஸ்காரர் வயர்லெஸ்சில் பேசியிருக்கிறார். அடுத்துப் பாலம் விழுந்த செய்திதான் அதே வயர்லெஸ்சில் வருகிறது. கப்பலிலிருந்து போலீஸ்வரை ஓடிய சங்கிலி, அங்கிருந்து ஒப்பந்தக்காரரின் ஆட்கள்வரை நீளவில்லை. அந்த ஆட்களை நேரடியாக அழைக்க ஒரு தொலைபேசி எண் போலீஸ் கையில் இருந்திருந்தால் போதும். பாலத்தில் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கொடுத்த அன்றே வாங்கி வைத்திருக்கக்கூடிய எண் அது.

காவலில் கணக்கு தலைகீழ்

இதுவரை சொன்னது விபத்து. கடத்தல், பயங்கரவாதம் என்று வரும்போது கணக்கு தலைகீழாகிறது. விபத்தைத் தடுக்க, சரக்கைப் பற்றிய செய்தி எல்லோருக்கும் போக வேண்டும். திருட்டைத் தடுக்க, அதே செய்தி யாருக்கும் போகக் கூடாது. எந்தப் பெட்டகம் எந்த வரிசையில் எப்போது வெளியேறும் என்று தெரிந்த ஒவ்வொருவரும் போதைக் கடத்தல்காரனுக்கு விலைமதிப்புள்ள ஆள்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு உலகம் அவசரமாகக் கட்டிய ஏற்பாடுதான் கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பு. 2002 டிசம்பரில் ஏற்கப்பட்டு 2004 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கப்பலிலும் ஒரு பாதுகாப்பு அதிகாரி, ஒவ்வொரு முனையத்திலும் ஒரு பாதுகாப்பு அதிகாரி, அபாயத்துக்கு மூன்று நிலைகள், நிலை ஒத்துப்போகாதபோது இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழி. பெயர் தெரிந்த ஒருவரை இன்னொரு பெயர் தெரிந்தவரோடு கோத்துவிட்டது இதன் உருப்படியான பலன். மற்றபடி பல துறைமுகங்களில் இது வேலியாகவும் அடையாள அட்டையாகவும் சுருங்கிவிட்டது. மாதக்கணக்கில் கடலில் கிடந்து கரையேறத் துடிக்கும் மாலுமிக்குத்தான் அந்த வேலி பெரிதாகத் தெரிகிறது.

அமெரிக்கா 2002-ல் தொடங்கிய பெட்டகப் பாதுகாப்புத் திட்டத்தில் அதன் சுங்க அதிகாரிகள் வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே உட்கார்ந்து, அந்நாட்டு அதிகாரிகளோடு சேர்ந்து, சந்தேகத்துக்குரிய பெட்டகத்தைக் கப்பலேறும் முன்பே சோதிக்கச் சொல்கிறார்கள். கொழும்பு உட்பட ஏறக்குறைய 60 துறைமுகங்கள் இதில் உண்டு. இது பிழைத்திருக்கிறது. இதற்கு நேர் எதிராக, வரும் பெட்டகம் அத்தனையையும் வெளிநாட்டிலேயே ஸ்கேன் செய்தாக வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2007-ல் சட்டம் போட்டது. கெடு 2012. கெடு தள்ளிப்போடப்பட்டுக்கொண்டே இருக்கிறது. செலவும் தாமதமும் பிற நாடுகளின் தலையில், பலன் தனக்கு என்ற ஏற்பாட்டுக்கு யார் ஒத்துழைப்பார்கள்?

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப், கூட்டின் இருட்டுப் பக்கத்தைக் காட்டும் இடம். 2011 முதல் இரண்டு ஆண்டுகள், கடத்தல்காரர்கள் அமர்த்திய ஹேக்கர்கள் அங்குள்ள நிறுவனங்களின் கணினிகளுக்குள் நுழைந்தார்கள். மென்பொருள் வழி அடைபட்டதும் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து, விசைப்பலகையில் தட்டுவதைப் பதியும் கருவிகளை மின்பலகைக்குள் ஒளித்து வைத்தார்கள். அவர்கள் தேடியது, பெட்டகத்தை எடுத்துப்போக ஓட்டுநர் காட்ட வேண்டிய ரகசிய எண். கப்பல் கம்பெனி, முகவர், இறக்குமதியாளர், லாரிக் கம்பெனி என்று நாலைந்து கை மாறும் எண் அது. எங்கே கசிந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. 2023-ல் ஆன்ட்வெர்ப்பில் மட்டும் பிடிபட்ட கொக்கைன் 116 டன். ரோட்டர்டாமில் பெட்டகத்துக்குள் சாப்பாடு, தண்ணீர், போர்வையோடு நாட்கணக்கில் ஒளிந்திருந்து சரக்கை எடுக்கும் இளைஞர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

இதற்குக் கண்ட வழி கூட்டைக் கலைப்பதல்ல. எண்ணைக் கைமாற்றும் பழக்கத்தை ஒழித்து, எடுத்துப்போகும் உரிமையை டிஜிட்டல் முறையில் ஒரு நிறுவனத்திடமிருந்து அடுத்த நிறுவனத்துக்கு மட்டும் மாற்றும் ஏற்பாடு இரண்டு துறைமுகங்களிலும் வந்தது. உரிமை யாரிடம் எப்போது இருந்தது என்ற தடம் அதில் நிற்கும். 2024 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் சுங்கம், போலீஸ், துறைமுகங்கள், தனியார் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்த துறைமுகக் கூட்டணியைத் தொடங்கியது. அந்த ஆண்டு ஆன்ட்வெர்ப்பில் பிடிபட்டது 44 டன்னாகக் குறைந்தது. வெற்றி என்று இதை உடனே எழுதிவிட எனக்குத் தயக்கம் உண்டு. பிடிபடுவது குறைந்தால் வருவது குறைந்தது என்று பொருளில்லை. காவல் இறுகிய வாசலை விட்டுக் கடத்தல்காரன் சின்னத் துறைமுகங்களின் பக்கம் ஒதுங்குவது பழைய வழக்கம்.

ஜப்பானின் நகோயாவில் 2023 ஜூலையில் கூட்டே பலவீனத்துக்குக் காரணமாகிப்போனது. அங்குள்ள பெட்டக முனையங்கள் எல்லாம் போட்டியை ஒதுக்கிவைத்து ஒரே கணினி அமைப்பைப் பொதுவில் பயன்படுத்தின. செலவும் குழப்பமும் குறைந்தன. பணம் பறிக்கும் ஹேக்கர்கள் அந்த ஒன்றை முடக்கியதும் எல்லா முனையங்களும் ஒரே காலையில் நின்றன. இரண்டரை நாள் பெட்டகம் நகரவில்லை.

பக்கத்துத் துறைமுகம்

ஒரு துறைமுகம் தட்டிக்கழித்த ஆபத்து அடுத்த துறைமுகத்துக்குப் போகும். கப்பலைச் சோதிக்கும் விஷயத்தில் இதை உலகம் ஓரளவு புரிந்துகொண்டது. 1978-ல் அமோகோ காடிஸ் டேங்கர் பிரான்ஸ் கரையில் உடைந்த பிறகு, 1982-ல் ஐரோப்பிய நாடுகள் பாரிசில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஒரு துறைமுகத்தில் கண்ட குறை எல்லாத் துறைமுகங்களுக்கும் தெரியும். ஓட்டைக் கப்பல் வாசல் மாறித் தப்பிக்க முடியாது. 1993-ல் டோக்கியோ, 1998-ல் இந்தியப் பெருங்கடல் நாடுகள் என்று இது பரவியது. நம் வட்டாரத்துக்கான செயலகம் கோவாவில் இருக்கிறது.

ஆனால் இந்த வலை, வந்த கப்பலைச் சோதிக்கும் வலை. ஆபத்தோடு வரும் கப்பலை ஏற்றுக்கொள்ளும் கடமை யாருக்கும் இல்லை. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற புத்தம்புதுக் கப்பலில் ஒரு பெட்டகத்திலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தது. அதை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள் என்று கத்தாரின் ஹமத் துறைமுகத்திடமும் குஜராத்தின் ஹஜிராவிடமும் கேட்டார்கள். இரண்டும் மறுத்தன. ஒரே ஒரு பெட்டகம்! கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல் மே 20-ல் தீப்பற்றி, ஜூனில் மூழ்கியது. 1,486 பெட்டகங்களில் சிலவற்றில் இருந்த பிளாஸ்டிக் மணிகள் நீர்கொழும்புக் கரையை மூடின. மறுத்த துறைமுகங்களுக்கு ஒரு நயா பைசா நட்டமில்லை. மீன் விற்காமல் வீட்டில் உட்கார்ந்தவர்கள் நீர்கொழும்பு மீனவர்கள். இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் இழப்பீடு தரக் கப்பல் தரப்புக்கு உத்தரவிட்டது. கசியும் பெட்டகத்தை ஏற்கும் துறைமுகத்துக்குச் செலவையும் பொறுப்பையும் யார் ஈடுகட்டுவது என்று வட்டார நாடுகள் முன்பே பேசி வைத்திருந்தால், அந்தத் தொகையில் தூசு அளவுக்கு முடிந்திருக்கும் வேலை.

எக்ஸ்-பிரஸ் பேர்லுக்கு முந்தைய ஆண்டு, 2020 செப்டம்பரில், 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு பாராதீப் நோக்கி வந்த நியூ டயமண்ட் டேங்கர் இலங்கையின் கிழக்குக் கடலில் தீப்பற்றியது. மாலுமி ஒருவர் இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல்படையும் சேர்ந்து பல நாள் போராடித் தீயை அணைத்தன. சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. கடலில் சேர்ந்து வேலை செய்ய இரு நாட்டுப் படைகளுக்கும் தெரிந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

எண்ணூரில்

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற டேங்கரும் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்பதே துறைமுகத்தின் முதல் அறிவிப்பு. ஓரிரு நாளில் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் பாறைக் கற்களுக்கிடையே தார் போல எண்ணெய் திரண்டு நின்றது. மெரினாவையும் தாண்டிப் போனது. உறிஞ்சும் லாரிகள் வந்தன. அந்தக் கெட்டிச் சேற்றில் குழாய்கள் அடைத்துக்கொண்டன. கடைசியில் பிளாஸ்டிக் வாளிதான் வேலை செய்தது. கல்லூரி மாணவர்களும் மீனவர்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள்.

எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டம் 1996-லிருந்தே இருக்கிறது. கடலில் நடப்பதற்குக் கடலோரக் காவல்படை, துறைமுக எல்லைக்குள் துறைமுகம், கரையேறினால் மாநில அரசு என்று அதில் பிரித்திருக்கிறார்கள். எண்ணெய்க்கு அந்தப் பிரிவினை தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் கலந்தபோதும் படகோடு போய் மக்கில் மொண்டு டிரம்மில் ஊற்றியவர்கள் அதே எண்ணூர் மீனவர்கள்தான். பலருக்குக் கையுறைகூட இல்லை. ஏறக்குறைய ஏழு ஆண்டு இடைவெளியில், அதே கடலோரத்தில், இரண்டு முறை முன்வரிசையில் நின்றவர்கள் இவர்கள். வாளி தூக்க மட்டும்தான் இவர்களைத் தேடினார்கள்.

1908-ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய இந்தியத் துறைமுகச் சட்டம் வந்திருக்கிறது. மத்திய, மாநிலத் துறைமுகங்கள் சேர்ந்து பேச ஒரு மன்றமும் அதில் உண்டு. எண்ணூரில் ஒன்றிய அரசின் காமராஜர் துறைமுகமும் தனியாரின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் தோளோடு தோள் ஒட்டி இருப்பதால் அந்த மன்றத்துக்கு அங்கேயே வேலை இருக்கிறது. அதிகாரிகள் அதிகாரிகளோடு பேசுவது இனி கொஞ்சம் எளிதாகலாம். வாடைக்காற்றில் எண்ணெய் எந்த ஓடையில் ஏறும், எந்த இடத்தில் மிதவைத் தடுப்புப் போட்டால் நிற்கும் என்று அந்த ஊர் மீனவர்களைக் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்வதும், கையுறை, முகக்கவசம், தடுப்புக் கயிறு எல்லாவற்றையும் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் முன்கூட்டியே வைப்பதும் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. துறைமுகங்கள் கப்பல்களிடம் வாங்கும் கட்டணத்தில் சிறு துளி அதற்குப் போதும். கப்பல்காரரின் காப்பீட்டுச் சங்கங்கள் எண்ணெய் கொட்டிய பிறகு ஆகும் செலவைத்தான் தருகின்றன. கொட்டுவதற்கு முன் செய்யும் செலவு உள்ளூர்க்காரர்கள் தலையில்தான் விழும்.